ஜனவரியில் பழுக்கும் மாம்பழம்

ஏரிக்கரையில் இருக்கும் அந்த வெளிநாட்டு நகரத்தில் காலை உணவோடு ஒரு மாம்பழத் துண்டு வைத்தார்கள். விரல் நீளம் இருக்கும். வெள்ளைத் தட்டு, ஓரத்தில் ஒரு புதினா இலை. நான் சேலத்துக்காரன். எங்கள் வீட்டில் அந்த அளவுத் துண்டைக் கொட்டையோடு சேர்த்துத் தூக்கிப் போடுவோம். சொல்லிச் சிரித்தேன். எதிரே உட்கார்ந்திருந்த நந்தினி சிரிக்கவில்லை.

நந்தினி ஒரு காலத்தில் எனக்குக் கீழே இளநிலை அதிகாரியாக இருந்தவர். இன்று நம் நாட்டின் வர்த்தகப் பேச்சுக் குழு ஒன்றுக்குத் தலைவர். நான் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது, எண்பதை நெருங்குகிறேன். பழைய ஆட்களைக் கூட்டி ஒரு கருத்தரங்கு நடத்தினார்கள், போயிருந்தேன். நான் பேசி முடித்த ஒப்பந்தம் ஒன்று மறுபரிசீலனைக்கு வருகிறது என்று அங்கேதான் தெரிந்தது. எந்த நாட்டோடு என்று சொல்ல மாட்டேன். பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த ஒப்பந்தத்தில் மாம்பழக் கூழ் பற்றி ஒரு வரி உண்டு. ஒவ்வொரு வருடமும் இத்தனை டன் வரை நம் கூழுக்கு அங்கே இறக்குமதி வரி கிடையாது. அந்தக் கோட்டா தீர்ந்துவிட்டால் மிச்ச வருடம் முழுக்க வரி உண்டு. யாருடைய சரக்கு முதலில் போய்ச் சேருகிறதோ அவருக்குச் சலுகை. கோட்டா ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதியும் புதிதாகத் திறக்கும்.

ஜனவரியில் எந்த ஊரில் மாம்பழம் பழுக்கிறது? சித்தூர் மாவட்டத்தில் ஜூனில் தொடங்கி ஆகஸ்டு வரை பிழிகிறார்கள். பிழிந்ததை அடுத்த ஜனவரி வரை வைத்திருக்கக் குடோனும் பணமும் உள்ளவன் வரியில்லாமல் அனுப்புகிறான். இல்லாதவன் சீசனிலேயே அவனுக்கு விற்றுவிடுகிறான். இந்த ஜனவரிக்குச் சம்மதம் சொன்னது நான். அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நந்தினி, "சார், மாம்பழ சீசன் எப்போ?" என்று காதோடு கேட்டார். "பையில் அடைத்த கூழ் கெடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

"அந்தத் தேதியை மாற்ற வேண்டும்" என்றேன் இப்போது.

"உங்க வருத்தத்தை நான் அஜெண்டாவுல போட முடியாது சார்" என்றார் நந்தினி. "புதுசா ஒண்ணு கேட்டா பதிலுக்கு அவங்களும் ஒண்ணு கேப்பாங்க. கேக்கப் போறது பால் பவுடர். வரியைக் குறைச்சு உள்ளே விடணும்பாங்க. பழைய பிழையைத் திருத்தறோம்னு சொன்னா விலை கிடையாது. ஆனா பிழைன்னு எப்படிச் சொல்றது? நம்ம பக்கம் சம்மதிச்சதா ரெக்கார்டு இருக்கே."

எங்கள் தொழிலின் வழக்கம் இது. கோரிக்கைக்கு விலை உண்டு, பிழைக்கு விலை இல்லை. ஆனால் பிழை என்று ஒப்புக்கொள்ள எந்தக் குழுவும் முன்வராது.

"வெள்ளிக்கிழமை திருப்பதியில ரெண்டு தரப்பும் சேர்ந்து விவசாயிகளையும் ஆலைக்காரங்களையும் சந்திக்குது. வாங்க. அதுக்கு முன்னாடி சித்தூர்ல சுகுணான்னு ஒருத்தங்களைப் பாருங்க. சின்னதா ஜூஸ் ஃபேக்டரி நடத்தறாங்க" என்றார். தட்டில் இருந்த துண்டை அவரே எடுத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

சித்தூர் எனக்குத் தெரியாத ஊர். சேலத்திலிருந்து திருப்பதி போகும்போதெல்லாம் ரயிலில் தூங்கியபடியே அதைக் கடந்திருக்கிறேன். அந்த ஊர்ப் பழத்தைப் பற்றிப் பத்து அதிகாரிகளோடு பேரம் பேசியிருக்கிறேன். ஒருமுறை இறங்கிப் பார்த்ததில்லை.

புதன்கிழமை திருப்பதியில் சித்தூர் பஸ் ஏறினேன். பஸ் நிறைய மொட்டைத் தலைகள், சந்தனம், லட்டு வாசனை. பக்கத்து இருக்கையில் மூன்று மாநில எல்லையில் இருக்கும் குப்பம் ஊர்க்காரர் ஒருவர், கல் குவாரியில் கணக்கு எழுதுபவர். என்னோடு தமிழ், செல்போனில் கன்னடம், கண்டக்டரோடு தெலுங்கு. மூன்றிலும் அவர் ஒரே விஷயத்தைத்தான் திட்டினார்: குளிரூட்டி வேலை செய்யவில்லை.

பாகாலா தாண்டியதும் பஸ் நின்றது. எதிரே சாலையின் ஒரு பக்கம் முழுக்க டிராக்டர்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பச்சையும் மஞ்சளுமாக மாங்காய் குவிந்த டிரெய்லர். வரிசை வளைவுக்கு அப்பாலும் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் தெலுங்கில் ஏதோ சத்தம் போட, குப்பத்துக்காரர் எனக்குச் சொன்னார்: "மாங்காய் நகர்ந்தாதான் பஸ் நகருமாம். நடக்கிறவங்க நடக்கலாமாம்."

நடந்தேன். வெயிலில் பழுத்து நசுங்கிய மாம்பழத்தின் வாசனை முதலில் இனிப்பாக இருந்தது, பிறகு புளித்தது, பிறகு தலை வலித்தது. டிரெய்லர்களின் அடியிலிருந்து சாறு சொட்டித் தார்ச்சாலையில் கோடு போட்டிருந்தது. ஈக்கள் என்னையும் ஒரு மாம்பழமாகவே எடுத்துக்கொண்டன.

"ஏமி பெத்தாயனா, எங்க இப்படி வெய்யில்ல நடந்துக்கினு?"

டிராக்டர் நிழலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தவர் கேட்டார். பெத்தாயனா என்றால் தெலுங்கில் பெரியவரே என்பது போல. "கூச்சோண்டி, கூச்சோண்டி" என்று சாக்கில் பாதியைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன். பெயர் முனிரத்தினம். பூர்வீகம் புத்தூர்ப் பக்கம், மனைவி வழியில் கிடைத்த தோப்பு இங்கே. முந்தாநாளிலிருந்து வரிசையில் இருக்கிறாராம்.

"அதுக்குள்ள பழம் அழுகிவிடாதா?"

"மேல இருக்கறது பாக்கறவங்களுக்கு. அடியில இருக்கறது சாமிக்கு" என்று சொட்டும் சாற்றைக் காட்டினார்.

தூக்கில் வந்த ராகிச் சங்கட்டியைப் பிட்டு எனக்கும் ஒரு உருண்டை வைத்தார், நடுவில் குழி செய்து வேர்க்கடலைச் சட்னி. எங்கள் ஊர்க் களியை விடச் சற்று இறுக்கம், அரிசி கலந்திருந்தது. நான் மென்றேன். "மெல்லாத பெத்தாயனா, முழுங்கு. இத்த மென்னு துன்னா வயிறு கோச்சுக்கும்" என்று சிரித்தார்.

மாம்பழக் கூழ் வெளிநாட்டுக்குப் போகிற விஷயமாக வந்திருக்கிறேன் என்றேன்.

"ஃபாரின்காரன் துன்னாலும் சரி, பன்னி துன்னாலும் சரி. இறக்கிட்டு வூட்டுக்குப் போனா போதும் எனக்கு." அதற்குள் போன் வந்தது. மனைவி. தெலுங்கில் நீளமாகப் பேசினார். வைத்துவிட்டுச் சொன்னார்: "செவலை மாடு பால் குறைச்சிடுச்சாம். நான் இங்க உக்காந்துக்கினா அது அங்க கோவிச்சுக்கினு நிக்குது. மூணு மாடு பெத்தாயனா. பால் காசு இல்லன்னா இந்த வரிசையில யாரு உக்காருவான்? மாங்கா வருசத்துக்கு ஒரு தபா ஏமாத்தும். பாலு தெனம் சோறு போடுது."

பால் பவுடர் என்று நந்தினி சொன்னது ஞாபகம் வந்தது.  மிச்சச் சங்கட்டியை மெல்லாமல் விழுங்கினேன்.

ஒருவழியாகப் பஸ் நகர்ந்து இரவு சித்தூர் போய்ச் சேர்ந்தேன். வியாழக்கிழமை காலை விடுதியில் இட்லி. அருமையான இட்லி. சேலத்தில் என் மனைவி இருந்தவரை இப்படிச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு இப்போதுதான். ஆட்டோ பிடித்து சுகுணாவின் ஆலைக்குப் போனேன். வாசலுக்கு முன்னால் சாலை முழுக்கத் தோலும் சாறுமாகக் குழைந்து கிடந்தது. ஆட்டோ வழுக்கி அரைவட்டம் போட்டு நின்றது. ஓட்டுநர், "வந்தாச்சு சார்" என்றார், ஏதோ திட்டமிட்டு நிறுத்தியது போல. நான் இறங்கக் கால் வைத்தேன், அப்படியே உட்கார்ந்தேன். எழுந்தபோது வேட்டியின் பின்பக்கம் முழுக்க மஞ்சள்.

"எங்க ஃபேக்டரி பொட்டு வெச்சுத்தான் உள்ள வுடும்" என்றது ஒரு குரல். பாய்லர் இரைச்சலுக்கு மேலே கேட்கும் குரல். ஐம்பதைத் தாண்டிய பெண். தலையில் வலைத் தொப்பி, கையில் டிராக்டர்களுக்கு வரிசைப்படி கொடுக்கும் டோக்கன் கட்டு. என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"நீங்கதான் அந்த ஜனவரியா?"

"ஆமாம் அம்மா."

"நந்தினி மேடம் போன்ல சொன்னாங்க. நான் ஆள் இன்னும் உயரமா இருப்பாருன்னு நெனச்சேன். வாங்க ஜனவரி சாரு."

அதற்குப் பிறகு அங்கே எல்லோருக்கும் நான் ஜனவரி சார்தான். காம்பு நறுக்கும் பெண்கள்கூட அப்படியே கூப்பிட்டார்கள், எதற்கு அந்தப் பெயர் என்று தெரியாமலே.

சுகுணா நடந்துகொண்டே ஆலையைக் காட்டினார். மாங்காய் ஒரு பக்கம் விழுந்து கழுவப்படுகிறது, காம்பு வெட்டப்படுகிறது, வெந்து, பிழிந்து, மறுபக்கம் கூழாகப் பையில் நிரம்பி டிரம்முக்குள் உட்காருகிறது. கொட்டை இன்னொரு மலையாகக் குவிகிறது. "எங்க நைனா கட்டினது. நாலு பேரு கூட்டு. அவரு போனதும் மூணு பேரு கழண்டுக்கினாங்க. நான் மட்டும் விடாம புடிச்சுக்கினு இருக்கேன்."

டிரம் வரிசைக்கு முன்னால் நின்றோம். மேலே காகிதம் ஒட்டியிருந்தது, அவருடைய ஆலையின் பெயர் இல்லை.

"இது யாருடையது?"

"நான் பிழிஞ்சது. ஆனா அவனுது. குடோன் வெச்சுக்கினு இருக்கற வியாபாரி. ஆகஸ்ட்ல எடுப்பான், ஜனவரில அனுப்புவான். அவனுக்கு வரி இல்ல. நானே இப்ப அனுப்பினா வரி. விவசாயிக்குக் குடுக்கணும், கரண்டு பில்லு, பேங்க்கு. ஜனவரி வரைக்கும் டிரம்மப் பாத்துக்கினு உக்காந்தா எதக் குடுப்பேன்? அவன் ஒரு மாங்கா பிழியறது இல்ல சாரு. இப்ப ஃபேக்டரியையே லீசுக்குக் கேக்கறான்."

சொல்லும்போதே போன் அடித்தது. பார்த்துவிட்டு எடுக்கவில்லை. "அவன் ஆளுதான். இந்த வாரம் பதில் சொல்லணுமாம். சரின்னுட்டா நான் இங்கயே சம்பளத்துக்கு டோக்கன் குடுப்பேன். அவ்ளோதான்."

"தேதி ஜூலை என்று மாறினால்?"

"அப்போ லீசு எதுக்கு? பிழிஞ்சு நானே கப்பல் ஏத்துவேன்." சற்று நின்று என்னைப் பார்த்தார். "சாரு சேலம்னு சொன்னாங்க மேடம். சேலத்துக்காரருக்கு மாங்கா எப்ப வரும்னு தெரியாதா?"

தெரியும் என்றேன். நந்தினி காதோடு கேட்டதையும் நான் பதில் சொன்ன விதத்தையும் சொன்னேன். இதையும் சொன்னேன்: எங்கள் ஊரில் மல்கோவாதான் மாம்பழம். இங்கே கூழுக்குப் பிழிகிற இந்தக் கிளிமூக்கு மாங்காயை நாங்கள் உப்பு மிளகாய்த்தூள் போட்டுப் பள்ளிக்கூட வாசலில் தின்போம். பேச்சு மேசையில் கூழ் என்ற சொல் வந்தபோது என் மனத்தில் எந்தப் பழமும் வரவில்லை.

"இது மாங்காவே இல்லன்னுட்டீங்க."

"ஆமாம்."

அவர் டோக்கன் கட்டை இன்னொரு கைக்கு மாற்றினார்.  அப்போது வாசலில் ஹாரன். முனிரத்தினத்தின் டிராக்டர் ஒருவழியாக ஆலைக்குள் வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கையசைத்தார். வேட்டியைப் பார்த்ததும் ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தார்.

அவரும் இருக்கட்டும் என்று நாளைய கூட்டத்தைப் பற்றி இருவருக்கும் விளக்கினேன். பிழை என்றால் சும்மா திருத்துவார்கள், கோரிக்கை என்றால் பால் பவுடரைக் கேட்பார்கள் என்றேன்.

"மாங்காவுக்குப் பாலா?" முனிரத்தினம் டிராக்டரிலிருந்து குதித்தார். "இந்த ஊர்ல மாங்கா வெச்சவன் யாரு, மாடு வெச்சவன் யாரு? ரெண்டும் நான்தான்! என் வலது பாக்கெட்டுல போட்டு இடது பாக்கெட்டுல எடுக்கறியே பெத்தாயனா!"

"நான் எடுக்கவில்லையப்பா, கேட்பார்கள் என்கிறேன்."

"அப்போ இன்னா பண்றது?"

சுகுணா சொன்னார்: "சுலபம். சாரு எழுந்து, தெரியாம பண்ணிட்டேன், சீசன் எப்பன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடட்டும். ஒரு வார்த்த. வயசானவரு, யாரு கேக்கப் போறாங்க?"

"எனக்குத் தெரியுமே அம்மா."

"தெரியும்னு எனக்குத்தான் தெரியும். வெள்ளக்காரனுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டு மலைக்குப் போயி மொட்ட அடிச்சுக்கோ, பொய் சொன்ன பாவம் போயிடும்" என்றார் முனிரத்தினம். பிறகு என் தலையைப் பார்த்தார். "ஐயோ, அதுக்கும் வழி இல்லியே."

சுகுணா முதல்முறையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று விடைபெற்றேன். சுகுணா வாசல்வரை வந்து, "யோசிங்க, ஆனா ஆலைய வெச்சு யோசிங்க" என்றார்.

சாயங்காலம் விடுதிக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். தெரியாது என்று சொல்வது எளிது. ஆனால் எதிர்த்தரப்பின் பதிவில், 'பருவம் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், பிறகு சரி என்றார்கள்' என்று ஒரு வரியாவது இருக்கும். அவர்கள் எல்லாவற்றையும் எழுதி வைப்பவர்கள். அதை எடுத்துப் படித்தால் என் பொய்யும் போகும், சுகுணாவின் ஆலையும் போகும். பக்கத்தில் நந்தினி உட்கார்ந்து அந்தப் பொய்யைக் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் இருந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, நந்தினியிடமும்.

பேச்சு மேசையில் எந்த எண்ணையும் எந்தத் தேதியையும் நாமாக ஒப்புக்கொள்ளக் கூடாது. டெல்லியிலிருந்து அனுமதி வர வேண்டும். அன்று ஜனவரிக்கு எனக்கு அனுமதி வரவில்லை. கேட்கவும் இல்லை. எதிர்த்தரப்பு தங்கள் வழக்கமான படிவத்தில் இருந்த தேதியை அப்படியே போட்டிருந்தது. எந்த மாதம் சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பார்கள். மற்ற அறைகளில் ஒப்பந்தத்தின் மற்ற அத்தியாயங்கள் இழுத்துக்கொண்டிருந்தன. என் அத்தியாயம்தான் முதலில் முடிய வேண்டும் என்று எனக்கு ஆசை. மதியச் சாப்பாட்டுக்கு நான் சிரித்த முகத்தோடு நுழைய வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். பிறகு டெல்லிக்கு எழுதினேன்: 'ஜனவரியில் எதிர்த்தரப்பு பிடிவாதமாக இருந்தது. வேறு வழியில்லை.'

அவர்கள் பிடிவாதமே பிடிக்கவில்லை. அந்த அறிக்கைக்காக என்னைப் பாராட்டினார்கள். ஓய்வு பெறும் நாளில் ஒருவர் மேடையில் சொன்னார், சாமர்த்தியமாகப் பேரம் பேசுபவர் என்று. கைதட்டல் ஓயும்வரை நின்று கேட்டேன்.

டீ ஆறிப்போயிருந்தது. கடைக்காரர் கேட்காமலே இன்னொன்று வைத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் நாளை என்ன சொல்வது என்று தீர்மானித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. திருப்பதியில் ஒரு ஹோட்டலின் மாநாட்டு அறை. சுகுணா பட்டுப் புடவையில் வந்திருந்தார். முனிரத்தினம் வெள்ளைச் சட்டை, அதன் பையில் மாட்டு டாக்டரின் மருந்துச் சீட்டு. காலைச் சிற்றுண்டி மேசையில் எதிர்த்தரப்புத் தலைவர், நரைமுடி, ஒல்லி, புளியோதரையைக் கரண்டியால் கிளறிப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "இதில் புளிப்பு எது, காரம் எது என்று யாராவது சொல்லுங்களேன்." இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். நன்றி என்றார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அதனால் என் வேலை இன்னும் கஷ்டமாயிற்று.

கூட்டம் தொடங்கியது. விவசாயிகள் பேசினார்கள், ஆலைக்காரர்கள் பேசினார்கள். சுகுணா தெலுங்கில் பேசினார், மொழிபெயர்ப்பாளர் பாதியைத்தான் பிடித்தார். பிடித்த பாதியே போதுமானதாக இருந்தது. கடைசியில் நரைமுடிக்காரர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் இந்தத் தேதி உங்கள் தரப்பு விரும்பி ஏற்றது. எங்கள் பதிவில் இருக்கிறது. பருவம் பற்றி உங்களுக்குள் பேசிக்கொண்டீர்கள், பிறகு சரி என்றீர்கள். இப்போது மாற்றக் கேட்டால் அது புதிய கோரிக்கை. நாங்களும் பதிலுக்கு ஒன்று வைப்போம். பால் பொருள்களைப் பற்றி ஏற்கெனவே சொல்லியிருக்கிறோம்."

முனிரத்தினம் மொழிபெயர்ப்பாளரின் கையைப் பிடித்து, "பாலுன்னாரா? பாலுன்னாருதானே?" என்றார். அந்தக் குரல் அறை முழுக்கக் கேட்டது.

நான் எழுந்தேன். நந்தினி என்னை உட்காரச் சொல்லி மெல்லக் கையமர்த்தினார். நான் உட்காரவில்லை.

"பேசிக்கொண்டது உண்மை. பருவம் எப்போது என்று நந்தினி அன்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியும். நான் மாம்பழ ஊர்க்காரன். தெரிந்தும் அலட்சியமாகப் பதில் சொன்னேன். ஆனால் எங்கள் தரப்பு அந்தத் தேதியை ஏற்கவில்லை. நான் ஏற்றேன். எனக்கு டெல்லியிலிருந்து அதற்கு அனுமதி இல்லை. நான் கேட்கவும் இல்லை. நீங்கள் பிடிவாதமாக இருந்தீர்கள் என்று பிறகு அரசுக்குப் பொய்யாக எழுதினேன். நீங்கள் எந்தப் பிடிவாதமும் பிடிக்கவில்லை. அது அரசின் முடிவு என்று நினைத்து நீங்கள் எழுதிக்கொண்டது ஒரு தனி மனிதனின் அவசரம். எங்கள் தொழிலில் இதற்குப் பிழை என்றுதான் பெயர்."

 நந்தினி என்னைப் பார்க்கவில்லை. தன் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார். நரைமுடிக்காரர் தன் வழக்கறிஞரிடம் குனிந்து ஏதோ கேட்டார். வழக்கறிஞர் பக்கங்களைப் புரட்டினார். நரைமுடிக்காரர் நிமிர்ந்தார்.

"இதை எழுத்தில் தருவீர்களா?"

"இப்போதே."

ஹோட்டல் பெயர் அச்சிட்ட தாளில் எழுதினேன்.  இரண்டு முறை அடித்து எழுதினேன். கையெழுத்திட்டு நந்தினியிடம் முதலில் நீட்டினேன். படித்துவிட்டு அவரே எழுந்து போய் எதிர்த்தரப்பிடம் கொடுத்தார்.

டீ இடைவேளையில் தூணோரமாக நந்தினி சொன்னார்: "விசாரணை வரும் சார். இத்தனை வருஷம் ஆனாலும் விட மாட்டாங்க. உங்க பேரு..."

"வரட்டும்."

"அன்னிக்கு நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், நந்தினி. நீங்கள் கேட்டதே அதிகம்."

அவர் டீயை முழுக்கக் குடித்து முடித்தார். "ரெக்கார்டை மாத்த டெல்லியில ஒரு கமிட்டி கூடும். நேர்ல வந்து சொல்ல வேண்டியிருக்கும்."

"எப்போது?"

"கூப்பிடுவாங்க. கூப்பிடறதுக்குள்ள வருஷம் ஓடிடும், நம்ம ஆளுங்களைப் பத்தித் தெரியாதா?"

இடைவேளைக்குப் பிறகு நரைமுடிக்காரர் சுருக்கமாகப் பேசினார். இதைப் பிழைத் திருத்தமாக எடுத்துக்கொள்ளத் தம் தலைநகருக்குப் பரிந்துரைப்பதாகவும், இரு அரசுகளும் எழுத்தில் உறுதி செய்தால் கோட்டா ஜூலையில் திறக்கலாம் என்றும், பால் பற்றிய பேச்சை இந்த வரியோடு சேர்ப்பதில்லை என்றும் சொன்னார். கைதட்டல் இல்லை. மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் முனிரத்தினம் வெளியே போய் மனைவிக்குப் போன் செய்துகொண்டிருந்தார். முதலில் மாட்டைப் பற்றித்தான் கேட்டார்.

வாசலில் சுகுணாவின் சரக்கு வேன் நின்றது. பின்கதவைத் திறந்து பட்டுப் புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒரு கிளிமூக்கை எடுத்துக் கத்தியால் கீறினார். காகிதப் பொட்டலத்திலிருந்து உப்பும் மிளகாய்த்தூளும் தூவினார்.

"துன்னுங்க. பள்ளிக்கூடத்து வாசல்ல துன்ன மாதிரி இல்ல, நல்லா பழுத்தது."

தின்றேன். மல்கோவா இல்லைதான். ஆனால் சதை உறுதியாக, இனிப்புக்கு அடியில் லேசான புளிப்போடு, நார் இல்லாமல் இருந்தது. கொட்டைவரை சப்பினேன்.

"மாங்காவா, இல்லியா?"

"மாம்பழம் அம்மா. சந்தேகம் இல்லை."

"எழுதிக் குடுப்பீங்களா?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு வருமா வராதா என்று தெரியவில்லை. அதற்குள் போன் அடித்தது. திரையைப் பார்த்தார். இந்தமுறை எடுத்தார்.

"ஆங், சொல்லு... இல்லப்பா. லீசுக்கு இல்ல. இந்த வருசமும் இல்ல, அடுத்த வருசமும் இல்ல... ஆமா, யோசிச்சுத்தான் சொல்றேன்." வைத்தார்.

"அம்மா, இரண்டு அரசும் இன்னும் உறுதி செய்யவில்லை. அவசரப்பட்டுவிட்டீர்களோ?"

"என் ஃபேக்டரிய நான் வெச்சுக்கினு இருக்கறது என் வேல. அத்த உறுதி பண்ண வெக்கறது உங்க வேல சாரு. கூப்பிடட்டும்னு சேலத்துல உக்காந்துக்கினு இருப்பீங்களா?"

முனிரத்தினம் போனை வைத்துவிட்டு வந்தார். "பெத்தாயனா, மலைக்கு வர்றியா? சாமியப் பாத்துட்டு போலாம்."

"இல்லையப்பா. வேறு இடத்துக்குப் போக வேண்டும்."

"எங்க?"

"டெல்லிக்கு. கூப்பிடுவதற்கு முன்னாலேயே."

சுகுணா வேன் முன்கதவைத் திறந்து, இருக்கையில் கிடந்த டோக்கன் கட்டை நகர்த்தினார். "ஸ்டேசன் வழியாத்தான் போறேன். ஏறுங்க ஜனவரி சாரு, வெய்யில்ல மாங்கா லோடு நின்னுக்கினு கீது."

ஏறினேன்.